கவுன்டர் திறந்திருக்கிறது: பயண இங்கிலீஷ் கேள்வி பதில்

(மும்பையில் ரயில்வே முன்பதிவு கவுன்டரில் உட்கார்ந்தே தலை நரைத்து, இப்போது மாட்டுங்காவில் ஓய்வாக இருக்கும் நம் பத்தியாளர், பயணத்துக்கு வேண்டிய ஆங்கிலச் சொற்கள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.)

கல்யாணமாகித் தென்காசியிலிருந்து தாராவிக்கு வந்திருக்கிறேன். தானேயில் வேலை. சாயங்காலம் திரும்பும்போது நான் ஏறுகிற லோக்கல் சில நாள் சயானில் நிற்காமல் தாதருக்குப் போய்விடுகிறது. ஆங்கில அறிவிப்பு காதில் விழுகிறது, மனதில் ஒட்டவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா?
வாசகி, தாராவி

சேருங்கள், நல்லதுதான். ஆனால் சயானில் இறங்குவதற்கு வகுப்பு எதற்கு அம்மா? அந்த அறிவிப்பில் நீங்கள் பிடிக்கவேண்டியது மூன்றே விஷயம்: எத்தனையாம் பிளாட்பாரம், எதுவரை போகிறது, ஸ்லோவா ஃபாஸ்ட்டா. மற்றதெல்லாம் மரியாதைச் சொற்கள். காதோடு போகட்டும்.

‘ஃபாஸ்ட்’ என்றதும் வேகமாகப் போகும், சீக்கிரம் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று ஏறிவிடுகிறோம். ரயில்வேக்காரன் பாஷையில் அது சில ஸ்டேஷன்களை விட்டுவிட்டுப் போகிற வண்டி. தானே பக்கமிருந்து வரும் ஃபாஸ்ட் வண்டி குர்லாவை விட்டால் அடுத்து தாதரில்தான் நிற்கும். நடுவில் இருக்கும் சயானும் மாட்டுங்காவும், அதாவது நம் ஆட்கள் மூட்டை முடிச்சோடு இறங்குகிற இரண்டு ஸ்டேஷனும், அதன் கணக்கிலேயே கிடையாது. உங்களுக்கு வேண்டியது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ. அவசரத்தில் ஃபாஸ்ட்டில் ஏறிவிட்டீர்களா, பதறாமல் குர்லாவில் இறங்கி ஸ்லோவுக்கு மாறிக்கொள்ளுங்கள். தாதர் வரை போய்த் திரும்பவேண்டாம்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. சில வண்டிகளுக்கு ‘திஸ் டிரெயின் வில் நாட் ஹால்ட் அட்’ என்று சொல்லிவிட்டு வரிசையாக ஸ்டேஷன் பெயர்களை அடுக்குவார்கள். கூட்ட இரைச்சலில் முன்பகுதி அமுங்கிவிடும்; ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்கும். ‘ஆகா, நம்ம ஸ்டேஷன் பேர் சொல்றான்’ என்று சந்தோஷமாக ஏறுவோம். அவன் சொன்னது நிற்காத இடங்களின் பட்டியல்! எனவே ‘நாட் ஹால்ட்’ என்ற இரண்டு சொல்லுக்குக் காதைத் தீட்டி வையுங்கள். தவறவிட்டால் இந்தியில் ‘நஹீ ருகேகி’ வந்ததா என்று பாருங்கள். மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்.

பிளாட்பாரத்தில் தொங்கும் அறிவிப்புப் பலகையான இண்டிகேட்டரில் எழுத்து மட்டும் வந்தால் அதற்கும் ஒரு முறை உண்டு. மத்திய ரயில்வேயில் டி என்றால் தானே, கே என்றால் கல்யாண், என் என்றால் கசாரா, எஸ் என்றால் கர்ஜத். இங்கேதான் புதிதாக வந்தவர்கள் விழுகிறார்கள். ஸ்லோவுக்கும் எஸ்தான், கர்ஜத்துக்கும் எஸ்தான். முதலில் இருப்பது போகும் ஊர், தனியாக நிற்பது ஸ்லோ ஃபாஸ்ட் கணக்கு. கூடவே ‘12 கார்’, ‘15 கார்’ என்று வரும். கார் என்றால் இங்கே பெட்டி. 15 கார் வண்டி நீளம் அதிகம். லேடீஸ் பெட்டி நீங்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் வந்து நிற்காமல் போகலாம்.

யாரிடமாவது கேட்பதானால் ‘எக்ஸ்கியூஸ் மீ மேடம், குட் யூ பிளீஸ் டெல் மீ’ என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் ‘பிளீஸ்’ சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். ‘சயான் ஹால்ட்?’ போதும். தலையை ஆட்டினால் ஏறுங்கள்.

பெஸ்ட் (மும்பை மாநகர) பஸ்ஸில் முன்பக்கம் எண் மராத்தி எழுத்தில் இருக்கிறது. பஸ் நெருங்கி வந்த பிறகும் எந்த எண் என்று தெரியவில்லை.
வாசகர், ஆன்டாப் ஹில்

பக்கவாட்டில், ஏறும் வாசலருகே, ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் அதைப் படிக்கிற நேரத்தில் பஸ் போய்விடும் என்பதும் உண்மை. தேவநாகரியில் பத்து எண்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிப் பழகிவிடுங்கள். எண்ணோடு ‘லிமிடெட்’ என்று இருந்தால் எல்லா ஸ்டாப்பிலும் நிற்காது. ஃபாஸ்ட் லோக்கலுக்குச் சொன்ன அதே கதைதான்.

மாமனார் முதல் தடவையாக மும்பை வருகிறார். ‘சென்ட்ரலில் வந்து நில்லுங்க மாப்பிள்ளை’ என்று போனில் சொன்னார். நான் மும்பை சென்ட்ரலுக்குப் போகவேண்டுமா?
வாசகர், பாண்டுப்

போகாதீர்கள்! முதலில் அவர் டிக்கெட்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்று கேளுங்கள். சென்னைக்காரர்களுக்கு வெளியூர் வண்டி என்றாலே வாயில் ‘சென்ட்ரல்’ வந்துவிடும். இங்கே மும்பை சென்ட்ரல் என்ற ஸ்டேஷன், மத்திய ரயில்வேயைச் சேர்ந்ததே இல்லை. 1930-இல் திறந்த அந்த நிலையம் மேற்கு ரயில்வேயின் சொத்து. குஜராத், டெல்லிப் பக்கம் போகிறவர்களுக்கு அது. தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகள் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்), தாதர், லோகமான்ய திலக் டெர்மினஸ் ஆகிய இடங்களில்தான் முடிகின்றன.

டெர்மினஸ் என்றால் தண்டவாளம் முடிகிற இடம். அதற்குமேல் வண்டி போகாது, பெரியவர் தூங்கிவிட்டாலும் கவலையில்லை. ஆனால் தாதரில் இறங்குவதாக இருந்து, வண்டி சி.எஸ்.எம்.டி. வரை போவதாக இருந்தால் தூங்கக்கூடாது. அதைச் சொல்லி வையுங்கள். லோகமான்ய திலக் டெர்மினஸை நம்மவர்கள் குர்லா டெர்மினஸ் என்பார்கள். அது லோக்கல் வண்டி நிற்கும் குர்லா ஸ்டேஷன் அல்ல. லோக்கலின் இன்னொரு தடமான ஹார்பர் லைனில் திலக் நகரில் இறங்கினால் நடக்கிற தூரம்.

சில ஸ்டேஷன் பெயர்களில் ‘ரோடு’ என்று ஏன் வருகிறது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் பெயரோடு ரோடு ஒட்டியிருந்தால், பல இடங்களில் ஊர் அங்கே இல்லை, ஊருக்குப் போகிற வழி அங்கே பிரிகிறது என்று பொருள். கொடைக்கானல் ரோட்டில் இறங்கிக் குளிரைத் தேடினால் கிடைக்காது. மலைமேல் போக இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் இருக்கிறது. மும்பையில் மாட்டுங்கா வேறு, மாட்டுங்கா ரோடு வேறு. முன்னது மத்திய ரயில்வே, பின்னது மேற்கு ரயில்வே. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறவர்களில் ஒருவராவது மாட்டுங்கா ரோட்டில் இறங்கிக்கொண்டு ‘வாசல்ல பூக்கடையே காணோமே’ என்று போன் செய்வார்.

தாதரில் சந்திப்பதாக இருந்தால் பிளாட்பார எண்ணைப் பழைய நினைவில் சொல்லாதீர்கள். முன்பு மேற்குப் பக்கமும் மத்தியப் பக்கமும் தனித்தனியாக 1-இல் தொடங்கின. 2023 டிசம்பரிலிருந்து மேற்குப் பக்கம் 1 முதல் 7, மத்தியப் பக்கம் 8 முதல் 14 என்று ஒரே தொடராக்கிவிட்டார்கள்.

அம்மாவுடன் நாகர்கோவில் போக டிக்கெட் எடுத்தேன். ஒன்று ஆர்.ஏ.சி. என்றும் ஒன்று டபிள்யூ.எல். என்றும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வண்டியில் ஏறலாமா? எந்த பெர்த் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகர், செம்பூர்

கவுன்டரில் நான் அதிகம் பதில் சொன்ன கேள்வி இதுதான். ‘சார், எப்படியாவது கன்ஃபர்ம் பண்ணிக் கொடுங்க’ என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கெஞ்சுவார்கள். கன்ஃபர்ம் பண்ணுவது நானா? அந்தப் பக்கம் யாராவது பயணத்தை ரத்து செய்யவேண்டும், அதுதான் வழி.

ஆர்.ஏ.சி. என்பது ‘ரிசர்வேஷன் அகெயின்ஸ்ட் கேன்சலேஷன்’. நீங்கள் வண்டியில் ஏறலாம், உங்களுக்கு உட்கார இடம் உண்டு. சைடு லோயர் பெர்த்தில் இரண்டு பேருக்குப் பங்கு. ஆள் வராமல் பெர்த் காலியானால் படுக்கவும் கிடைக்கும். டபிள்யூ.எல். என்பது ‘வெயிட்டிங் லிஸ்ட்’. இதில் உங்களுக்கு இடமே இல்லை, வரிசையில் நிற்கிறீர்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லாரும் சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் அது தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதை வைத்துக்கொண்டு ரிசர்வ் பெட்டியில் ஏறக்கூடாது. ‘டி.டி.ஆரைப் பார்த்துப் பேசிக்கலாம்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கேட்காதீர்கள்.

மெசேஜில் இரண்டு எண் வரும், டபிள்யூ.எல். 34, அடுத்து டபிள்யூ.எல். 12 என்பதுபோல. முதல் எண் டிக்கெட் எடுத்தபோது இருந்த நிலை. இரண்டாவதுதான் இன்றைய நிலை. பலர் முதல் எண்ணைப் பார்த்து மனம் உடைந்து கேன்சல் செய்துவிடுகிறார்கள். டபிள்யூ.எல்.லுக்கு முன்னால் ஜி.என். (ஜெனரல், அதாவது பொது வரிசை) என்று இருந்தால் நகர வாய்ப்பு அதிகம். பி.க்யூ., ஆர்.எல். என்று இருந்தால் அது இடைப்பட்ட ஊர்களுக்கான சின்ன ஒதுக்கீடு. கல்யாணத்துக்குப் போகவேண்டிய டிக்கெட்டை அதை நம்பி வைத்திருக்காதீர்கள். பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு 139-க்குப் போன் செய்தாலும் நிலவரம் சொல்வார்கள்.

பெர்த்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்லீப்பர், தேர்டு ஏசி இரண்டுக்கும் இது பொருந்தும். பெர்த் எண்ணை 8-ஆல் வகுங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர், 2 அல்லது 5 என்றால் மிடில், 3 அல்லது 6 என்றால் அப்பர், 7 என்றால் சைடு லோயர், மீதியே இல்லை என்றால் சைடு அப்பர். உங்களுக்கு 43 வந்தால் ஐயெட்டு நாற்பது போக மீதி 3, அப்பர். 48 என்றால் சைடு அப்பர். நெட்டையான ஆளாக இருந்தால் கால் நீட்ட முடியாது. செகண்ட் ஏசியில் மிடில் பெர்த் கிடையாது என்பதால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது. பெட்டியின் எழுத்தையும் தெரிந்து வையுங்கள்: எஸ் ஸ்லீப்பர், பி தேர்டு ஏசி, ஏ செகண்ட் ஏசி, எச் ஃபர்ஸ்ட் ஏசி. பிளாட்பாரத்தில் அம்மாவை இழுத்துக்கொண்டு இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடுவது மிச்சம்.

அம்மாவுக்கு லோயர் வேண்டுமானால் அடுத்த தடவை வயதைச் சரியாகப் போடுங்கள். 45 வயதான பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் கீழ் பெர்த்தில் ஒதுக்கீடு இருக்கிறது. மகன் கூடவே ஒரே டிக்கெட்டில் வரும்போது அந்த ஒதுக்கீடு உதவாது. அப்போது ஆன்லைன் படிவத்தில் ‘புக் ஒன்லி இஃப்’ என்று தொடங்குகிற வரிகளைத் தேடிப் பாருங்கள். ஒரு லோயராவது கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று அதில் சொல்லிவைக்கலாம். அவசரத்தில் யாரும் அந்தப் பகுதியைப் படிப்பதில்லை. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து. பழைய 120 நாள் கணக்கை வைத்துக்கொண்டு பொங்கலுக்குத் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம், மிடில் பெர்த்காரர் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரைதான் பெர்த்தை விரித்துப் போடலாம். ஒன்பது மணிக்கே ‘எழுந்திரிங்க’ என்று அம்மாவை எழுப்பினால், ‘டென் ஓ க்ளாக்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

மும்பையில் இந்தியும் மராத்தியும் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் ஆங்கிலம் என்று ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
வாசகர், வடாலா

நான் எங்கே பயமுறுத்தினேன்? ஆட்டோக்காரரிடமும் கண்டக்டரிடமும் இந்தியே பேசுங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் உங்கள் போனுக்கு வரும் டிக்கெட் மெசேஜும், பணம் திரும்பும் விதிகளும், விமான நிலையத் திரையும் எந்த மொழியில் வருகின்றன என்று ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

துபாயில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காக முதல் தடவை விமானத்தில் போகிறேன். தனியாகப் போகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். அங்கே என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்லவேண்டும்?
வாசகி, கல்யாண்

தைரியமாகப் போய் வாருங்கள் அம்மா. முதலில் டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். பி.ஓ.எம். என்று இருந்தால் பழைய மும்பை நிலையம், வெளிநாட்டு விமானம் என்றால் அங்கே டெர்மினல் 2. என்.எம்.ஐ. என்று இருந்தால் 2025 அக்டோபரில் திறந்துவைத்த நவி மும்பை. கல்யாணிலிருந்து இரண்டுக்கும் வழி வேறு, டாக்ஸிக்காரரிடம் ‘ஏர்போர்ட்’ என்று மட்டும் சொன்னால் சண்டையில் முடியும்.

‘டைரக்ட்’ என்று ஏஜென்ட் சொன்னால் நேராகப் போகும் என்று நினைக்காதீர்கள். நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறுகிற விமானத்தையும் எண் மாறாவிட்டால் டைரக்ட் என்றுதான் சொல்வார்கள். எங்கும் நிற்காமல் போக வேண்டுமானால் ‘நான்-ஸ்டாப்’ என்று கேளுங்கள்.

கவுன்டரில் பெட்டியைக் கொடுக்கும் இடம் ‘செக்-இன்’. அங்கே ‘எனி பவர் பேங்க்? லைட்டர்?’ என்று கேட்பார்கள். பவர் பேங்க் இருந்தால் கைப்பையில் இருக்கவேண்டும், பெட்டியில் போடக்கூடாது. ‘விண்டோ ஆர் ஐல்?’ என்றும் கேட்கலாம். ஐல் என்பது நடைபாதை ஓரத்து சீட். அடிக்கடி பாத்ரூம் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள், யாரையும் எழுப்பவேண்டாம். அவர்கள் கொடுக்கும் சீட்டு ‘போர்டிங் பாஸ்’. அதில் இருக்கும் இரண்டு நேரங்களில் முந்தியது நீங்கள் விமானத்தில் ஏறும் வாசலான ‘கேட்’டில் போய் நிற்கவேண்டிய நேரம், பிந்தியது விமானம் கிளம்புகிற நேரம். கிளம்புகிற நேரத்துக்கு கேட்டுக்குப் போனால் கதவை மூடியிருப்பார்கள். கேட் எண் கடைசி நேரத்தில் மாறும், திரையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

துபாயில் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் இடமான இமிக்ரேஷனில் ‘பர்ப்பஸ் ஆஃப் விசிட்?’ என்றால் எதற்கு வந்தீர்கள். ‘டாட்டர்’ என்று சொல்லி விசாவை நீட்டுங்கள். ‘ஹவ் லாங்?’ என்றால் எத்தனை நாள், ‘டூ மந்த்ஸ்’. ‘வேர் ஸ்டே?’ என்றால் மகள் வீட்டு முகவரியை எழுதிய தாளைக் காட்டுங்கள். பேசவேண்டாம், காட்டினால் போதும். மகளின் முகவரி, போன் எண் இரண்டையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் சார்ஜ் தீர்ந்து கழுத்தறுக்கும்.

பிரசவ லேகியம் செய்ய என்று கொப்பரைத் தேங்காயைப் பெட்டியில் அடுக்காதீர்கள். எண்ணெய்ச் சத்தால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்தில் அதைத் தடுத்திருக்கிறார்கள். ஸ்கேனரில் பட்டால் உங்கள் பெயரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் கொண்டுபோங்கள், கொப்பரை அங்கேயே கடையில் கிடைக்கும்.

லோக்கல் டிக்கெட்டில் ‘வியா’ என்றும் ‘ஜர்னி ஷுட் கமென்ஸ்’ என்றும் இருக்கிறதே?
கல்லூரி மாணவர், முலுண்டு

வியா என்றால் இந்த வழியாக. சயானிலிருந்து அந்தேரிக்கு ‘வியா தாதர்’ என்று இருந்தால் தாதரில் மாறிப் போகலாம் என்று பொருள். கமென்ஸ் என்றால் தொடங்கு. டிக்கெட் எடுத்து, அதில் போட்டிருக்கும் நேரத்துக்குள் வண்டியில் ஏறிவிட வேண்டும். காலையில் எடுத்த டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சினிமா பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஏறினால் அபராதம்தான். போய் வருவதற்கு ‘ரிட்டர்ன்’ என்று கேளுங்கள், தினமும் போகிறவர் என்றால் ‘பாஸ்’ எடுத்துவிடுங்கள் தம்பி.

சயானிலிருந்து தாதருக்கு ஆட்டோ கேட்டால் ‘நோ என்ட்ரி’ என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
வாசகர், செம்பூர்

இல்லை. சயானுக்கும் பாந்த்ராவுக்கும் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது, அந்தப் பக்கம் முழுக்க டாக்ஸிதான். ‘பை மீட்டர்?’ என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.